சத்திரமா, ரிசார்ட்டா என்று கேட்டால்

எங்கள் டூர் கம்பெனியை இப்போது நடத்துவது முதலாளியின் மகள் பூர்ணிமா. போன வாரம் போன் செய்தாள். "ஏழுமலைண்ணா, நம்ம வெப்சைட்ல ஒரு பக்கம் காலியா இருக்கு. டூர் போறவங்க சத்திரம் மாதிரி பழைய எடத்துல தங்கறது நல்லதா, ரிசார்ட்ல தங்கறது நல்லதான்னு அரைப் பக்கம் எழுதிக் குடுங்க. உங்களுக்குத் தெரியாததா?" என்றாள். அரைப் பக்கம்தானே என்று உட்கார்ந்தேன். நாலு நாளாகியும் முடியவில்லை. எழுதியதை அவள் போடுவாளா என்பதும் சந்தேகம்தான். போடாவிட்டாலும் பரவாயில்லை, எனக்கு ஒரு பாரம் இறங்கும்.

நான் முப்பது வருடத்துக்கு மேல் ஆரணியில் டூர் மேனேஜராக இருந்தவன். பிறந்தது சந்தவாசல் பக்கம், ஊருக்கு வெளியே இருக்கும் காலனியில். அப்பா அம்மா இருவரும் அடுத்தவர் நிலத்தில் கூலிக்குப் போனவர்கள். பத்தாவது முடித்ததும் ஆரணிக்கு வந்து பஸ் கிளீனராகச் சேர்ந்தேன். அப்புறம் சீட் புக்கிங், அப்புறம் மேனேஜர். மேனேஜர் என்றதும் கோட்டு, டை என்று நினைத்துவிட வேண்டாம். யாருக்கு எத்தனை மணிக்கு மாத்திரை, யாரை முன் சீட்டில் உட்கார வைத்தால் வாந்தி வராது, எந்த ஓரகத்தி எந்த ஓரகத்தியோடு பேசுவதில்லை, இதெல்லாம் தெரிந்து வைத்திருப்பவன்தான் டூர் மேனேஜர்.

எங்களோடு வருகிறவர்கள் பெரும்பாலும் ஆரணி நெசவுக் குடும்பங்கள். கல்யாண சீசன் ஓய்ந்து தறிக்குக் கொஞ்சம் இளைப்பாறல் கிடைக்கும்போது கோயில் கோயிலாகப் போய்வருவார்கள். முதலாளியும் நெசவுக் குடும்பத்துக்காரர்தான். தறியை அண்ணன் தம்பிகளிடம் விட்டுவிட்டு பஸ் வாங்கியவர். அவர் குரலை உயர்த்தி நான் கேட்டதில்லை. கோபம் வந்தால் கண்ணாடியைக் கழற்றி வேட்டி நுனியால் துடைப்பார். இரண்டாவது தடவை துடைக்க ஆரம்பித்தால் எதிரில் இருப்பவன் கிளம்பிவிடுவது நல்லது.

புதிய ஊர் ஒன்றை டூரில் சேர்ப்பதற்கு முன் தங்குமிடத்தை நேரில் பார்க்க என்னையும் கூட்டிக்கொண்டு போவார். முதலில் குளியலறை. ஒரு வாளித் தண்ணீரைத் தரையில் கொட்டிவிட்டு வாசலில் நின்று வாட்சைப் பார்ப்பார். தண்ணீர் ஜல்தியாக வடியவில்லை என்றால் அந்த இடம் தள்ளுபடி. வயதானவர் ஒருவர் வழுக்கினால் டூர் அங்கேயே முடிந்தது என்பார். அடுத்து குழாய்த் தண்ணீரை நாக்கில் விட்டுப் பார்ப்பார். உப்புத் தண்ணீர் என்றால் பருப்பு வேகாது, எங்களோடு வரும் சமையல்காரர் பேஜார் பண்ணுவார். பிறகு அடுப்பு வைக்க இடம், காற்று அடிக்கும் திசை, படியில் கைப்பிடி. கடைசியாகச் சத்திரத்து வாசலிலிருந்து கோயில் வரைக்கும் நடந்து பார்ப்பார். அதுவும் அவருடைய நடையில் இல்லை. முட்டிவலிக்காரப் பாட்டியைப் போல இடுப்பில் ஒரு கையை வைத்துக்கொண்டு, குனிந்து, நாலடிக்கு ஒருமுறை நின்று நின்று போவார். தெருவில் போகிறவர்கள் திரும்பிப் பார்ப்பார்கள். எனக்குச் சிரிப்பு வரும், சிரிக்க முடியாது.

இப்படிப் பார்த்துப் பார்த்து அவர் தேர்ந்தெடுத்ததெல்லாம் சத்திரங்கள்தான். நானும் அந்தக் கட்சியிலேயே இருந்தேன். நாற்பது பேரை ஒரே கூரைக்குக் கீழே வைத்திருந்தால் விடியற்காலைத் தரிசனத்துக்கு எழுப்ப ஒரு குரல் போதும். மொட்டை மாடியில் புடவை காயப்போடலாம். நம்முடைய சமையல், நம்முடைய நேரம்.

ஒரே ஒரு தடவை, பிள்ளைகள் ஆசைப்பட்டார்கள் என்று மலை மேல் ஒரு ரிசார்ட்டில் தங்கினோம். ஆளுக்கொரு காட்டேஜ், ஒன்றுக்கும் இன்னொன்றுக்கும் நடுவில் தோட்டம், மேடு, பள்ளம். காலையில் எல்லோரையும் பஸ்ஸில் ஏற்றுவதற்குள் எனக்கு வேர்த்து ஊற்றிவிட்டது. தறிக்குழியில் உட்கார்ந்து பழகிய இடுப்புக்கு அந்த மெத்தை ஒத்துக்கொள்ளவில்லை. பாதிப் பேர் போர்வையை உருவித் தரையில் விரித்துக்கொண்டார்கள். பெண்கள் புடவைகளை அலசி காட்டேஜ் கைப்பிடி நெடுகக் காயப்போட்டுவிட்டார்கள். ரிசார்ட் மேனேஜர் ஓடி வந்து கையைப் பிசைந்துகொண்டிருந்தபோது, தங்கியிருந்த வெளிநாட்டுக்காரர் ஒருவர் அந்தப் புடவை வரிசைக்கு முன்னால் நின்று போட்டோ எடுத்துக்கொண்டிருந்தார். "எடுக்கட்டும் உடு, நம்ம நெசவு நாலு ஊருக்குத் தெரியட்டும்" என்றார் முதலாளி. ஆனால் திரும்பி வந்ததும் கண்ணாடியைத் துடைத்தார். அதற்கப்புறம் ரிசார்ட் பேச்சே எடுக்கவில்லை.

சத்திரத்தில் இடம் வாங்குவதற்கு ஒரு வழக்கம் உண்டு. பல சத்திரங்கள் ஏதாவது ஒரு சமூகத்தார் தங்கள் ஆட்களுக்காகக் கட்டிவைத்தவை. முதலாளியின் சமூகத்துக்கும் ஊர் ஊராகச் சத்திரம் இருக்கிறது. ஆரணிச் சங்கத்தின் லெட்டர் பேடில் 'இதில் வரும் நாற்பது பேரும் நம்மவர்கள், இடம் தந்து உதவவும்' என்று ஒரு கடிதம் வாங்கிக்கொண்டு போவோம். சத்திரத்துக்காரர் கடிதத்தைப் பார்ப்பார், சீல் குத்துவார், சாவிக்கொத்தைக் கொடுப்பார். நாற்பதில் நாலைந்து பேர் எப்போதும் வேறு ஆட்களாக இருப்பார்கள். சீட்டைக் காலியாக விட முடியுமா? அவர்களுக்கே தெரியாமல் அவர்களும் இரண்டு நாளைக்கு 'நம்மவர்' ஆகிவிடுவார்கள். இதில் என்ன தவறு என்று முதலாளியும் நினைக்கவில்லை, நானும் நினைக்கவில்லை.

அந்த நாற்பதில் என் பெயர் இருக்காது. முதல் டூரிலேயே முதலாளி சொல்லிவிட்டார்: "நீ பஸ்லயே படுத்துக்க ஏழுமலை. சாமானுக்குக் காவல் வேணும். டிரைவர் உள்ள தூங்கட்டும், அவரு தூங்கினாத்தான் நாம ஊரு போய்ச் சேர முடியும்." நியாயமாகத்தான் பட்டது. பின் சீட்டுக்கு அளவெடுத்து ஒரு பஞ்சு மெத்தை தைத்துக் கொடுத்தார், கொசுவலை வாங்கிக் கொடுத்தார். கம்பெனியின் பொறுப்பு முழுவதும் என் தலையில் இருப்பதாகப் பெருமைப்பட்டுக்கொண்டு படுப்பேன். முதலாளிக்கு நான் யார் என்று தெரியும். காலனியில் நடந்த என் கல்யாணத்துக்குக் குடும்பத்தோடு வந்து பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்டுப் போனவர் அவர். அதையும் இங்கே எழுதத்தான் வேண்டும்.

ஓய்வு பெறுவதற்குச் சில வருடங்களுக்கு முன்னால் நடந்தது இது. கடலோரக் கோயில் ஊர் ஒன்றுக்கு டூர், முதலாளி வரவில்லை. ஊர்ப் பெயர் வேண்டாம். இரண்டு சீட் காலியாக இருந்ததில் பெரணமல்லூரிலிருந்து சரோஜா டீச்சரும் அவருடைய வீட்டுக்காரரும் சேர்ந்தார்கள். டீச்சர் தலைமை ஆசிரியையாக இருந்து ரிடையர் ஆனவர். வீட்டுக்காரர் அதிகம் பேசாத மனிதர், மின்வாரியத்தில் லைன்மேனாக இருந்தவர். எங்கள் ஆட்களை எங்கள் ஆட்களுக்குத் தெரிய ஒரு நிமிடம் போதும். அவர்கள் பஸ் ஏறிய இடமும் காலனி வளைவுக்குப் பக்கத்தில்தான். எனக்கு உள்ளுக்குள் சந்தோஷமாக இருந்தது. நான் எதுவும் சொல்லவில்லை, அவரும் எதுவும் கேட்கவில்லை.

செஞ்சி தாண்டுவதற்குள் டீச்சர் பஸ்ஸையே வகுப்பாக்கிவிட்டார். கோட்டையை எந்த ராஜா கட்டினான், எந்த நவாப் பிடித்தான் என்று அவர் சொல்ல, பின் சீட்டில் இருந்தவர்கள்கூட எழுந்து முன்னால் வந்து நின்று கேட்டார்கள். பக்கத்து சீட் மல்லிகா, மூன்று தறி வைத்திருப்பவரின் மனைவி, டீச்சரிடம் ஒட்டிக்கொண்டுவிட்டாள். இருவரும் ஒரே டப்பாவிலிருந்து எள்ளுருண்டை எடுத்துத் தின்றுகொண்டு வந்தார்கள்.

மதியம் சத்திரத்துக்குப் போய்ச் சேர்ந்தோம். புதிதாகச் சுண்ணாம்படித்து டைல்ஸ் எல்லாம் போட்டிருந்தார்கள். கவுண்டரில் இருந்த ஆளும் புதியவர். கடிதத்தைப் படித்துவிட்டு ஒரு பெரிய ரிஜிஸ்தரைத் திருப்பி வைத்தார். "லெட்டர் சரி. ஆனா இப்ப ரூல் மாறிருச்சு. ஒவ்வொருத்தரும் அவங்கவங்க கையால பேரு, ஊரு, ஜாதி மூணையும் எழுதிக் கையெழுத்துப் போடணும்" என்றார்.

வரிசையாக எழுதினார்கள். டீச்சரின் முறை வந்தது. பேனாவை வாங்கினார், பெயர் எழுதினார், ஊர் எழுதினார். மூன்றாவது கட்டத்தில் பேனா நின்றது. அவருக்கு மேலே பதினைந்து பேர் ஒரே வார்த்தையை எழுதியிருந்தார்கள்.

நான் பக்கத்தில் போய்க் குனிந்து மெதுவாகச் சொன்னேன். "மேல எழுதியிருக்கறதையே எழுதிடுங்க டீச்சர். லெட்டர்லயும் அப்படித்தான் இருக்கு. ஒண்ணும் ஆவாது."

என் வேலைக்காலத்தில் நான் எத்தனையோ தப்பு செய்திருக்கிறேன். தேதியை மாற்றி புக் செய்திருக்கிறேன், ஒரு பெரியவரை டீக்கடையிலேயே விட்டுவிட்டு முப்பது கிலோமீட்டர் வந்திருக்கிறேன். இந்த ஒரு வாக்கியத்துக்கு முன்னால் அவையெல்லாம் ஒன்றுமே இல்லை.

டீச்சர் நிமிர்ந்து பார்த்தார். "இன்னா எழுதச் சொல்றீங்க தம்பி?"

"சும்மா ஒரு ரெண்டு நாளைக்கு…"

"எத்தினியோ பசங்களுக்கு சர்ட்டிபிகேட்ல இந்தக் கட்டத்த நானே எழுதிக் குடுத்திருக்கேன். என்னுத எழுத எனக்கு வெக்கம் இல்ல. ஆனா இவங்க புக்குல பொய் எழுதினாத்தான் இங்க படுக்கலாம்னா, அந்தப் பாய் எனக்கு வேணாம்." சொல்லிவிட்டு, மூன்றாவது கட்டத்தில் தன்னுடையதை எழுதினார். தெளிவான, கரும்பலகை எழுத்து. ரிஜிஸ்தரைத் திருப்பி அந்த ஆள் பக்கம் தள்ளினார்.

அவர் படித்தார். கோபப்படவில்லை. "நாங்க யாரையும் தப்பா சொல்லலம்மா. டிரஸ்ட்டோட ரூலு. மத்தவங்களுக்கு இடம் குடுக்கறதில்ல. வெளிய லாட்ஜ் நிறைய இருக்கு" என்றார், ரேஷன் கடையில் இன்றைக்குச் சர்க்கரை இல்லை என்று சொல்வதைப் போல.

பின்னால் இருபது பேருக்கு மேல் நின்றுகொண்டிருந்தார்கள். மல்லிகா மட்டும் முன்னால் வந்து, "ஏன் டீச்சர், அத்த எழுதினாதான் இன்னா? யாரு பாக்கப் போறாங்க? வாங்க, நாம ஒரே ரூம்ல படுத்துக்கலாம்" என்றாள். நல்ல மனதோடுதான் சொன்னாள். டீச்சரின் வீட்டுக்காரர் பையை இரண்டு கையாலும் மார்போடு பிடித்துக்கொண்டு தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

அப்போது அந்த ஆள் என் பக்கம் திரும்பினார். "நீங்க? உங்க பேரையும் போட்டுருங்க."

டீச்சர் என்னைப் பார்த்தார். நான் யார் என்று அவருக்குத் தெரிந்திருந்தது. ஒரே ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும், அந்த அம்மாள் அங்கே தனியாக நின்றிருக்க மாட்டார். நான் சொன்னது இதுதான்: "எனக்கு ரூம் வேணாம் சார். நான் பஸ்லயே படுத்துக்குவேன்."

சாமான்களை எல்லோரும் மாடிக்கு எடுத்துப்போன பிறகு, டீச்சரையும் வீட்டுக்காரரையும் ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு லாட்ஜ் லாட்ஜாக அலைந்தேன். அமாவாசைக் கூட்டம், எங்கேயும் இடமில்லை. கடைசியில் கடற்கரை ரோட்டில் ஒரு ரிசார்ட். நான் வேண்டாம் என்று ஒதுக்கிவைத்த அதே மாதிரி இடம்தான். தோட்டம், காட்டேஜ், நீச்சல் குளம். கவுண்டரில் இருந்த பெண் ஆதார் கார்டை வாங்கி நகல் எடுத்தாள், ஆளுக்கு ஒரு இளநீர் கொடுத்தாள், சாவியைக் கொடுத்துவிட்டு, "கடல் பக்கம் ஜன்னல் இருக்கற ரூம் சார்" என்றாள். அவ்வளவுதான். வீட்டுக்காரர் சாவியை வாங்கிக்கொண்டும் நகரவில்லை. இன்னும் ஏதோ கேட்பாள் என்று காத்துக்கொண்டு நின்றார்.

ரிசார்ட்டைப் புகழ்வதற்காக இதை எழுதவில்லை. அந்தப் பெண்ணே அடுத்ததாக என்னைப் பார்த்து, "டிரைவரா சார்? டிரைவருங்க உள்ள வரக்கூடாது, பின்னால ஷெட் இருக்கு" என்றாள். மறுநாள் காலையில் மல்லிகா டிபன் பாக்ஸில் டீச்சருக்கு இட்லி எடுத்துக்கொண்டு வந்தபோது, வெளிச் சாப்பாடு உள்ளே விடமாட்டேன் என்று கேட்டில் செக்யூரிட்டி தடுத்துவிட்டார். டீச்சர் வெளியே வந்து ரோட்டோரக் கல்லில் உட்கார்ந்து அந்த இட்லியைச் சாப்பிட்டார். மல்லிகா பக்கத்தில் உட்கார்ந்து அழுதாள். என்ன பேசிக்கொண்டார்கள் என்று எனக்குத் தெரியாது, நான் தள்ளி நின்றுவிட்டேன்.

ஆனால் முதல் நாள் சாயங்காலமே டீச்சர் என்னிடம் பேசிவிட்டார். டூர் மேனேஜர் என்று சொல்லி உள்ளே போய், பையை அறையில் வைத்துவிட்டு நான் கிளம்பும்போது கூப்பிட்டார். "உக்காருங்க தம்பி. எத்தினி வருசமா பஸ்ல படுத்துகினு இருக்கீங்க?"

"ஆச்சு டீச்சர், இருவத்தஞ்சு வருசம்."

"ஏன்?"

"சாமானுக்குக் காவல்."

"சாமான்தான் எல்லாரும் மாடிக்குத் தூக்கினு போயிட்டாங்களே. பஸ்ல இன்னா இருக்கு?"

அவர் குத்திக்காட்டுவதற்காகக் கேட்கவில்லை. நிஜமாகவே தெரியாமல்தான் கேட்டார். அந்தக் காலி பஸ்ஸை மனதுக்குள் சீட் சீட்டாகப் பார்த்தேன். இருபத்தைந்து வருடமும் பெட்டி படுக்கைகளை இறக்கி மாடிக்கு அனுப்பியவன் நான்தான். எந்த ஊரிலும் ஒரு பைகூட பஸ்ஸில் மிச்சம் இருந்ததில்லை. அடுப்புகூட சத்திரத்துக்குள்ளேதான் இருக்கும். அன்றைக்கு டீச்சருக்கு முன்னால் அழுதுவிட்டேன். அவருடைய வீட்டுக்காரர் எழுந்து வந்து என் தோளில் கையை வைத்தார்.

ஆரணி திரும்பியதும் பஸ் ஷெட்டில் முதலாளியிடம் நடந்ததைச் சொன்னேன். பிறகு, டீச்சர் கேட்டதை அப்படியே அவரிடம் கேட்டேன். கண்ணாடியைக் கழற்றினார். துடைக்கவில்லை, கையிலேயே வைத்துக்கொண்டிருந்தார்.

"எங்கனா ஒருத்தன் உன்ன எதுனா கேட்டுடுவான், உனக்கு அவமானமா பூடும்னுதான் ஏழுமலை அப்படிச் செஞ்சேன். மனசறிஞ்சு உனக்கு ஒரு கெடுதல் நெனச்சது இல்ல."

"தெரியும் முதலாளி."

"பின்ன?"

"யாரும் கேக்கறதுக்கு முன்னாடியே நீங்க என்ன வெளிய படுக்க வெச்சிட்டீங்க."

அவர் மேல் எனக்குக் கோபம் இருந்தது, இன்றைக்கும் கொஞ்சம் இருக்கிறது. பாசமும் இருக்கிறது. என் மேல் இருக்கும் கோபம் இரண்டையும்விடப் பெரியது. அவராவது எனக்கு அவமானம் வரக்கூடாது என்று நினைத்தார். நான் டீச்சரை அந்தக் கவுண்டரில் தனியாக நிற்க விட்டேன்.

அன்றோடு சங்கத்துக் கடிதம் வாங்குவதை முதலாளி நிறுத்திவிட்டார். அடுத்த டூர்களுக்கு இடம் பார்க்கும் வேலை முழுவதும் என்னுடையது. தண்ணீர் வடிகிறதா, பருப்பு வேகுமா என்பதெல்லாம் அப்புறம்தான். முதலில் போன் செய்து, "உங்க ரிஜிஸ்தர்ல என்னென்ன கேப்பீங்க?" என்று கேட்பேன். சிலர் போனை வைத்துவிடுவார்கள். சிலர் மழுப்புவார்கள். ரிசார்ட் என்றால், "எங்க டிரைவர் எங்க படுப்பாரு?" என்று கேட்பேன். அங்கேயும் மழுப்புவார்கள். எங்கள் டூரில் சில ஊர்கள் இதனால் குறைந்துபோயின. வேறு சில சேர்ந்தன. பூர்ணிமா, உன் வெப்சைட்டில் போடுவதற்கு என்னிடம் இருக்கும் பதில் இவ்வளவுதான். கட்டடம் பழையதா புதியதா என்று பார்த்து நான் இடம் பிடிப்பதை அன்றைக்கே விட்டுவிட்டேன்.

அந்த வருடமே காவிரிக்கரை ஊர் ஒன்றில் ஒரு பழைய சத்திரத்தை ஏற்பாடு செய்தோம். யாரோ ஒரு வியாபாரி, வழிப்போக்கர்கள் எல்லோருக்குமாகக் கட்டிவைத்தது. ரூம் லிஸ்ட்டை முதலாளியே தன் கையால் எழுதிக் கொடுத்திருந்தார். முதல் பெயர் என்னுடையது. கவுண்டரில் வயதான ஒருவர் இருந்தார். அங்கே பெயரும் ஊரும் மட்டும்தான் கட்டம். இருந்தும், என்னவோ தெரியவில்லை, பெயரைச் சொன்ன பிறகு நான் நிறுத்தவில்லை. ஊரைச் சொன்னேன், காலனி என்று சொன்னேன், நாங்கள் யார் என்பதையும் சொன்னேன். பின்னால் நின்ற, எங்கள் பஸ்ஸில் வந்தவர்கள் எல்லோருக்கும் கேட்கும்படி, கொஞ்சம் சத்தமாகவே சொன்னேன்.

அவர் எழுதிக்கொண்டே இருந்தார். தலை நிமிரவில்லை. எழுதி முடித்துவிட்டு, "தலகாணி ஒண்ணு போதுமா, ரெண்டு வேணுமா?" என்று கேட்டார்.